வளைந்தே வளர்ந்த கிளை

இன்ஸ்பெக்டர் அவர்களே, நீங்கள் உட்காரும் நாற்காலியின் பின்பக்க இடது கால் அரை விரற்கடை குட்டை. நேற்று என்னை விசாரித்த இரண்டு மணி நேரமும் அது டக் டக்கென்று ஆடிக்கொண்டே இருந்தது. உங்களுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ரைட்டர் சொன்னார். ஆகாது. மற்ற மூன்று கால்களையும் அந்தக் காலின் அளவுக்கு இழைக்க வேண்டும். என்னிடம் ஓர் இழைப்புளி இருந்தால் கால் மணி நேர வேலைதான்.

ரைட்டருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது என்பதால் நடந்ததை நானே எழுதித் தரும்படி சொன்னீர்கள். நாலு தாள் கொடுத்திருக்கிறீர்கள். போதாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயர் ரெமிஜியஸ். வயது நாற்பத்திமூன்று. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா காலத்து வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை. தொழில் தச்சு என்று ரைட்டர் எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. தச்சர்கள் பலகையை அறுத்து, நான்கு மூலையும் நேராக்கி, மேசை என்பார்கள். நான் ஒரு மரம் எப்படி வளர்ந்ததோ அந்தப் போக்கிலேயே போய் அதைச் சாமானாக்குகிறவன். விளிம்பு மடிந்த அல்லி இலையாக ஒரு மேசை செய்திருக்கிறேன். விழுதுகள் தரையில் ஊன்றியதைப் போன்ற கால்களோடு ஒரு பெஞ்சு செய்தேன்; அது இப்போது ஒரு மில் முதலாளியின் வராந்தாவில் இருக்கிறது. அவர் அதன்மேல் செருப்புகளை வைத்திருப்பதாகக் கேள்வி. போகட்டும்.

என் வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எங்காவது வளைவு வேண்டுமென்றால், அப்படி வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் போவேன். மாதக்கணக்கில் தேடுவேன். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் மரம் சாய்ந்தது, எந்த பங்களாவில் கிளை வெட்டுகிறார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைவேன். கிடைக்காவிட்டால் அந்தச் சாமானைச் செய்யமாட்டேன்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழுக்கு முன் ஆறு வருஷம் கண்டோன்மென்ட்டில் ஒரு துரையின் கோச்சு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே ஆவிப்பெட்டி உண்டு. நீளமான தகரப் பெட்டி, கீழே கொதிக்கிற தண்ணீர், உள்ளே மரச் சட்டம். ஆவியில் வெந்து இளகியதும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் வைத்து வளைத்து, இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வளையும்போது மரம் உள்ளுக்குள் ஒரு சத்தம் போடும். எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. பிறகு அது காயும்வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, கட்டிலேயே கிடக்க வேண்டும். பாவம் பார்த்து முன்னாலேயே அவிழ்த்தால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். துரை கப்பலேறிப் போனபின் சொந்தப் பட்டறை வைத்தபோது, என்னிடம் ஆவிப்பெட்டி இருக்காது என்று முதல் நாளே முடிவு செய்தேன். இந்த ஊரில் என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிரிஜெட் என் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். காலையில் தலையை வாரி முடிந்து, சைக்கிளில் ஏறினால் காற்றாகப் போய்விடுவாள். இங்கிலீஷ், தமிழ், கன்னடம் மூன்றிலும் ‘நம்பர் என்ன’ என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தாலும் அவள் வாய் ஓயாது. எந்த ஆபீசர் கோபமாக இருந்தார், எந்த ஊர் லைன் அறுந்தது, உடன் வேலை பார்க்கும் யூனிஸ் என்ன சொன்னாள். எனக்கு அதில் பாதி புரியாது. என் கையில் இருக்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவேன்.

என் சாமான்களைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அல்லி இலை மேசையை முடித்து, பாலிஷ் போட்டு, கூட்டி வந்து காட்டினேன். அவள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல காப்பி டம்ளரை எங்கங்க வைக்கிறது? வழுக்கிட்டுப் போகுதே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அது ஒரு வாரம் மனதை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம், மழையில், அல்சூர் ஏரிப் பக்கம் அவள் சைக்கிள் சறுக்கியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு டாக்டர் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிய நிலையில் வைத்துத்தான் கட்டினார். பன்னிரண்டு வாரம் அசையக்கூடாது என்றார்.

வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அந்தப் பன்னிரண்டு வாரம்தான் என் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம். காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் உட்கார வைப்பேன். முதலில் கொஞ்ச நாள் எக்ஸ்சேஞ்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச அங்கே புதிதாக ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் அவள் என் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். உளியை ஏன் அப்படிச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் முறை.

அவள் உட்கார ஒரு நாற்காலி செய்ய நினைத்திருந்தேன். அதற்கான கிளையைக் கண்டுபிடித்தது கோவிந்தப்பா. எட்டு வருஷமாக என் பட்டறையில் வேலை செய்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வீடு அல்சூரில். அந்த ஊரின் பெயரே பலாவைக் கன்னடத்தில் சொல்லும் ‘ஹலசு’விலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் இப்போது பலா மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஜூலை மாதக் காற்றில் அவர் தெருவில் ஒரு பலாவிலிருந்து பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. பட்டுப்போய், மரத்திலேயே நின்று காய்ந்த கிளை. காலையில் வந்ததும் வராததுமாக அதைத்தான் சொன்னார்.

“சார், ஒரு கிளை வுழுந்து கெடக்குது, வந்து பாருங்க. நம்ம அம்மா கால் எப்படி மடங்கியிருக்குதோ, அச்சு அசலா அப்படியே இருக்குது.”

போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு கவட்டை. அதிலிருந்து ஒரு பக்கம் முதுகுக்கு ஏற்றாற்போல நிமிர்ந்து எழும்பியிருந்தது. மறுபக்கம் முன்னால் நீண்டு, தொடையின் தூரம் போய், முழங்கால் மடங்கும் இடத்தில் மடங்கி, ஆடுசதையைத் தாங்குகிற மாதிரி கீழே இறங்கியிருந்தது. அந்த மரம் முப்பது வருஷமாக ஒருத்தியின் உட்காரும் நிலையை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நான் செய்ய வேண்டியது அதிகப்படியானதை எடுப்பது மட்டும்தான்.

ஏழு வாரம் அதில் வேலை செய்தேன். தினமும் அவளை அதில் உட்கார வைத்துப் பார்ப்பேன். எங்கள் தொழிலில் இரண்டு பரப்பு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒன்றின்மேல் துணிக்குப் போடும் நீலப்பொடியைத் தடவி, மற்றொன்றை வைத்து எடுப்போம். நீலம் ஒட்டிய இடம் மேடு. அங்கே இழைக்க வேண்டும். முழுவதும் சீராக ஒட்டினால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். அவள் மாவுக்கட்டில் நீலம் தடவுவேன். “என்னைக் கோலம் போட்டு வெக்கறீங்க” என்று சிரிப்பாள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவளைத் தூக்கிவிட்டுப் பார்த்தபோது, கிளை முழுவதும் ஒரே சீராக நீலம். ஓர் ஆணிகூட இல்லாத நாற்காலி. புது மஞ்சள் நிறம். வருஷம் போகப் போகச் சிவக்கும்.

அதைப் பார்க்க சேஷகிரி வந்தார். தொழிற்சாலை அதிகாரிகளுக்கு பங்களா கட்டித் தருகிற ஆர்க்கிடெக்ட். என்னிடம் அடிக்கடி வாங்குகிறவர். நாற்காலியை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு பிரிஜெட்டை உட்கார வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மிஸ்டர் ரெமிஜியஸ், இவா உக்காந்தாத்தான் இது பூர்த்தியாறது. இல்லேன்னா வெறும் மரம்தான். ரெண்டும் சேந்து ஒண்ணுன்னா.”

டெல்லியில் ஒரு பெரிய கண்காட்சி வரப்போகிறது, பிப்ரவரியில் பம்பாயிலிருந்து ஒரு போட்டோக்காரரை அழைத்து வருகிறேன், அம்மாவை உட்கார வைத்தே படம் எடுப்போம் என்றார். அவர்மேல் தப்பில்லை. அவர் நாற்காலியைப் பாராட்டினார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பிரிஜெட் உள்ளே மேசைமேல் படுத்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, மூட்டு மட்டும் இறுகியிருக்கிறது, தினமும் மூன்று வேளை நீட்டி மடக்க வேண்டும், ஆறு வாரத்தில் நடந்துவிடுவார்கள். அதையே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். நான் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று பிரிஜெட் கேட்டாள். எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை, மடங்கிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு முந்தைய நிமிஷம்வரை அப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குத்தான் சிரமம்” என்றாள்.

அந்த வாரமே, கால் நீளாமல் பிடித்துக்கொள்ள ஒரு காலணை செய்தேன். வேங்கை மரத்தில், அவரைக்கொடி காலைச் சுற்றி ஏறுவது போல. மூன்று இடத்தில் தோல் வார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன், எங்கும் உறுத்தாது. டாக்டர் சொல்லிச் செய்தது என்று அவளிடம் சொன்னேன். டாக்டரிடம் தனியாகப் போய், அவள் நன்றாக நடக்கிறாள், சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சீட்டு இன்னும் பட்டறையில் அரம் வைக்கும் டிராயரில்தான் இருக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மறைக்க நினைக்கிறவன் கிழித்திருப்பான்.

டிசம்பரில் யூனிஸ் பார்க்க வந்தாள். “அண்ணா, ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும்தான் எக்ஸ்சேஞ்சுல அவ சீட்டை வெச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் வேற ஆளு. எப்படியாச்சும் நடக்க வெச்சுடுங்க” என்றாள். போகும்போது பிரிஜெட்டின் காதில் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது பழைய பிரிஜெட்டின் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் நாற்காலியில் ஒரு மாற்றம் கண்டேன். ஆடுசதை படும் இடத்தில் பாலிஷ் மங்காமல் இருந்தது. முன்பெல்லாம் நாள் முழுக்கக் கால் கிடந்தால் அந்த இடம் வியர்வையில் மங்கும், நான் மாலையில் துடைப்பேன். இப்போது துடைக்கவே தேவையில்லை. யோசித்தேன், ஆனால் யோசனையை முடிக்கவில்லை. சில விஷயங்களை மனிதன் முடிக்காமல் வைத்திருக்கிறான்.

ஜனவரி பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, மரவாடிக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினேன். பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டேன். பிரிஜெட் நின்றுகொண்டிருந்தாள். காலணை தரையில் கிடந்தது. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. நானே வரேன்.”

கம்பியை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. நாலாவது அடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு மாசமா, நீங்க வெளியே போறப்பல்லாம் வாரை அவுத்துட்டு நீட்டி நீட்டிப் பாத்தேங்க. வலி உசுரு போகும். டாக்டரு தப்பாச் சொல்லிட்டாருங்க, எலும்பு எப்பவோ கூடிருச்சு. உங்களுக்குக் காட்டணும்னுதான் யார்கிட்டயும் சொல்லலை.”

அவள் தோளுக்கு மேலாக நான் நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அந்த முன்கிளை எதையும் தாங்காமல், எதற்காக மடங்கியிருக்கிறது என்றே தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்தால் இது என்ன கோணல் என்று கேட்பார்கள். காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி நீலம் தடவிப் பார்த்தேன். விளையாட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடுசதைக்கும் கிளைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. நீலம் எங்கும் ஒட்டவில்லை. போட்டோக்காரர் வர இருபத்தாறு நாள் இருந்தது.

நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள், கிளையை மாற்றி அமைத்திருக்கலாமே என்று. இன்ஸ்பெக்டர் அவர்களே, அது முப்பது வருஷம் வளர்ந்த வளைவு. அதைத் தொட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கோவிந்தப்பாவை மரவாடிக்கு அனுப்பினேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, ஒரு பேச்சுக்கு அனுப்பினேன். கொல்லையில் அண்டாவை ஏற்றித் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கோணிகளை அதில் நனைத்து எடுத்தேன். பிரிஜெட்டிடம் ஒத்தடம் என்று சொன்னேன். மூட்டு நன்றாக இளகினால் சீக்கிரம் சைக்கிள்கூட விடலாம் என்று சொன்னேன். அவள் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சூடு தாங்கவில்லை என்றபோதுகூட, “பரவால்ல, போடுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் போட்டேன். தோல் வெந்துவிட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், அது உண்மை. அதற்கு நான் வருத்தப்படுகிறேன். கோணி சரியான பொருள் அல்ல, கம்பளி கிடைத்திருந்தால் நல்லது.

பிறகு சூடு ஆறுவதற்குள் மடக்கினேன். இரண்டு கையாலும், என் எடை முழுவதையும் கொடுத்து. நீண்டு பழகிய நரம்பு லேசில் கேட்காது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கோச்சு வண்டிப் பட்டறையில் கேட்ட அதே சத்தம்தான். பிரிஜெட்டும் சத்தம் போட்டாள், ஆனால் நான் சொல்வது அந்தச் சத்தத்தை அல்ல. வாரால் கிளையோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கிளாம்ப்பு போட்டு இறுக்கினேன். அவள் மயங்கியிருந்த நேரத்தில் நீலம் தடவிப் பார்த்தேன். சீராக ஒட்டியது.

கோவிந்தப்பா எதையோ மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது. நான் நிமிர்ந்தபோது வாசலில் நின்றார். பட்டறையில் ஆவி நிறைந்திருந்தது.

“சார், அம்மாவை அவுத்து வுடுங்க. கையெடுத்துக் கும்புடறேன்.”

இது வைத்தியம், உங்களுக்குப் புரியாது, வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் கிட்டே வந்து ஒரு கிளாம்ப்பில் கை வைத்தார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை, எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அவர் என் கையில் இருந்த, மரம் செதுக்கும் வாய்ச்சியின் கூர்முனையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர் அப்பாவுக்குப் பிறகு அவர் கைக்கு வந்த பதினாலு உளிகளும் என் பட்டறைச் சுவரில்தான் இருக்கின்றன. ஒரு தச்சர் உளியை விட்டுவிட்டுப் போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் ஏன் உங்களிடம் வந்து சொல்லவில்லை என்று அவரைத் துருவ வேண்டாம். கிளையைக் காட்டியவர் அவர்தான். அது அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஒன்பது நாள் கட்டிலேயே வைத்திருந்தேன். கஞ்சி நானே ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். ஒரு புருஷன் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது எல்லாம் செய்தேன், முகம் சுளிக்கவில்லை. அவள் முதல் இரண்டு நாள் கத்தினாள். பட்டறையில் மரம் அறுக்கும் சத்தம் பழகின தெரு அது. மூன்றாம் நாள் ரொம்ப நிதானமாக, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலில் கேட்டாள்:

“நான் எப்படி உக்காரணும்னு சொல்லுங்க. அப்படியே உக்காந்துக்கறேன். எங்கேயும் போகலை. இதை மட்டும் அவுத்து விட்டுடுங்க.”

அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ஆனால் கிளாம்ப்பு இருக்கும்வரை மரமும் அப்படித்தான் சமர்த்தாக இருக்கும். அவிழ்த்தபிறகுதான் தெரியும். நான் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

முப்பதாம் தேதி யூனிஸ் வந்தாள். பிரிஜெட் தூங்குகிறாள் என்று வாசல் கேட்டிலேயே சொன்னேன். வேலையை விட்டுவிடுவதாக அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள். யூனிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே பார்த்து, “பிரிஜெட், நான் வந்திருக்கேன்” என்று கூப்பிட்டாள். உள்ளே கட்டு எதுவும் இல்லை, அவிழ்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கத்தியிருக்கலாம். கேட்டுக்கும் பட்டறைக்கும் முப்பது அடிதான். ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கும் இதில் சம்மதம் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

பிப்ரவரி பத்தாம் தேதி படம் எடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. புண்ணை மறைக்கக் காலணையைப் போட்டிருந்தேன். போட்டோக்காரர் அதையும் நாற்காலியின் பாகம் என்றே நினைத்து, கொடி வேலைப்பாடு பிரமாதம் என்றார். அம்மாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவரே, வேண்டாம், இதுதான் பொருத்தம் என்று சொல்லிவிட்டார். எங்கே கிளை முடிகிறது, எங்கே பெண் ஆரம்பிக்கிறாள் என்று தெரியவில்லை என்றார் சேஷகிரி. என் வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் படம் இந்த மாதம் ஒரு பம்பாய்ப் பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது. எலும்பு டாக்டர் அதைத் தன் வரவேற்பறையில் பார்த்திருக்கிறார். சென்னையில் நடந்துகொண்டிருக்க வேண்டிய பெண் பெங்களூரில், அவர் சொல்லாத ஒரு காலணையோடு, மடங்கிய காலோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் தன் வேலைமேல் ஒரு பற்று இருக்கிறது.

ஆகவே, சுருக்கமாக: என் மனைவியின் காலை வேண்டுமென்றே மடக்கி, முடமாக்கியது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. இனி அது நீளாது என்று டாக்டர் சொல்கிறார்.

இரண்டு வேண்டுகோள். நாற்காலியைச் சாட்சிப் பொருளாக எடுத்து வந்து உங்கள் முற்றத்தில் வெயிலில் போட்டிருக்கிறீர்கள். வெடித்துவிடும். தயவுசெய்து நிழலில் வையுங்கள், முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இந்த ஊரில் பிரிஜெட் வலியில்லாமல் உட்காரக்கூடிய இடம் இப்போது அது ஒன்றுதான். நேற்று அதைக் கொண்டுவரட்டுமா என்று நர்சு கேட்டதற்கு அவள் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் சுருண்டுகொண்டாள் என்று சொன்னீர்கள். வலியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்திருப்பாள். கேட்டுப் பாருங்கள், வருவாள்.

இரண்டாவது, ரைட்டர் எழுதியதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதில் ‘ஆவி வைத்து வளைத்துச் செய்த நாற்காலி’ என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கிளை அப்படியே வளர்ந்தது. என் பட்டறையில் ஒரு மரத்தைக்கூட நான் வலுக்கட்டாயமாக வளைத்ததில்லை.